கம்ப்யூட்டருக்கு வயது ஒன்றல்ல: ராமநாதபுரம் கரையில் பழசும் புதுசும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கரையோர வீடுகளில் இருக்கும் ஏராளமான கணினிகள் அந்த ஒரு நாளில் பழசாகிவிட்டன. முதல் நாள் ராத்திரி எப்படி ஓடியதோ அப்படியேதான் மறுநாள் காலையிலும் ஓடின. ஒரு ஸ்க்ரூகூடத் தளரவில்லை. "நல்லாத்தானே ஓடுது, ஏன் மாத்தணும்?" என்று கேட்பவர்களுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால், கணினிக்கு வயது ஒன்றல்ல என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெட்டிக்கு ஒரு வயது. அதில் ஓடும் இயங்குதளத்துக்கு, அதாவது கடைகளில் ஓஎஸ் என்று சொல்கிறோமே அதற்கு, வேறொரு வயது. அது போய்ப் பேசுகிற இணையத்துக்கு மூன்றாவது வயது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் பெட்டி நன்றாக இருக்கும்போதே ஓஎஸ் காலாவதியாகிவிடும். நம் பக்கம் தலைகீழாகவும் நடக்கும். வாங்கிச் சில வருடங்களே ஆன லேப்டாப்பை உப்பு தின்றுவிடும். அதே தெருவில் 2012 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப் ஓடிக்கொண்டே இருக்கும். எது எதனால் பழசாகிறது என்று பிரித்துப் பார்க்காமல் புதுசு வாங்குவதும் தப்பு, பழசைக் கட்டிக்கொண்டு அழுவதும் தப்பு.

முதலில் உப்பு. நம் காற்றைப் பற்றி அறிய பாம்பன் பாலத்தைப் பார்த்தாலே போதும். 1914-இல் திறந்த பழைய பாலத்தில், இரும்பு அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அந்தக் காற்றில்தான் கடற்கரைக்கென்று எந்தக் காப்பும் இல்லாத மதர்போர்டுகளை, அதாவது கணினிக்குள் எல்லாவற்றையும் இணைக்கும் மின்சுற்றுப் பலகைகளை, வைத்திருக்கிறோம்.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானே நீர்த்துப்போகும். ஆனால் கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ராமேஸ்வரத்திலோ கீழக்கரையிலோ காற்று அவ்வளவு காய்ந்து போகும் நாள் எது? அதனால் மதர்போர்டின் மேல் படிந்த தூசி கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உண்மையில் எப்போதும் லேசான ஈரத்தோடுதான் இருக்கும். அந்த ஈரத்தில் மின்சாரம் கசியும். பக்கத்துப் பக்கத்து இணைப்புகளுக்கு நடுவே செம்பு கரைந்து நகரும். பச்சைக் களிம்பு கண்ணில் படுவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

பழைய கணினியில் இதன் முதல் அறிகுறி எல்லாருக்கும் தெரிந்ததுதான். பட்டனை அழுத்தினால் திரையில் ஒன்றும் வராது, உள்ளேயிருந்து பீப் பீப் என்று சத்தம் மட்டும் வரும். ரேமை, அதாவது தற்காலிக நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும். இந்த வைத்தியம் தெரியாத வீடு குறைவு. தங்கம் அரிக்காதே, பிறகு ஏன் தேய்க்க வேண்டியிருக்கிறது? தங்க முலாம் அத்தனை மெல்லியது. அதன் நுண்ணிய ஓட்டைகள் வழியாக உப்பீரம் இறங்கி அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்கிறது. அந்த அரிப்பு மேலே பொங்கி வந்து தொடர்பைத் தடுக்கிறது. ரப்பர் அதை எடுத்துவிடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் முலாமையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைப்பது அதைவிட நல்லது. செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியைவிட, ஓடாமல் கிடக்கும் கணினிதான் நம் கரையில் சீக்கிரம் சாகும். ஓடும்போது போர்டு சூடாக இருக்கும். சூடான பரப்பில் ஈரம் தங்காது. வளைகுடாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டு, மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கணினியைப் போட்டால் உயிர் வராமல் கிடப்பது இதனால்தான். பத்திரமாகத் துணி போட்டு மூடி வைத்தேனே என்பார்கள். அந்தத் துணியே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த லேப்டாப்பைச் சித்திரை மாதத்தில் அப்படியே திண்ணைக்குக் கொண்டுவந்து திறப்பதும் ஆபத்து. வெளிக்காற்றின் ஈரம் அதன் மேலும் உள்ளேயும் வேர்வையாக இறங்கும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும்.

சரி, பழைய பெட்டி உறுதி, புதுசு பூஞ்சை என்று இதை வைத்துச் சொல்லிவிடலாமா? முழுக்கச் சொல்ல முடியாது. 1999 முதல் 2007 வரை வந்த பல மதர்போர்டுகளில் மின்தேக்கிகள் (கெபாசிட்டர்கள்) தரமில்லாமல் உப்பிப்போய் வெடித்தன. உலகம் முழுக்க நடந்த கோளாறு அது. மின்தேக்கிக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது கணக்கு. நம் வெயிலில் அவை என்ன பாடுபட்டிருக்கும்? டப்பா மானிட்டர்களின் உள்ளே ஓடியது 20,000 வோல்ட்டுக்கும் மேல். உப்பீரம் ஏறிய நாட்களில் பின்பக்கத்திலிருந்து சிர்ரென்று சத்தம் வரும், ஓசோன் வாசனை அடிக்கும். இன்றைய எல்இடி திரையில் அந்தத் தொல்லையே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் பழசுதான் நமக்கு ஏற்றது: அதைத் திறக்கலாம். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் ரேம் தனி, ஹார்டு டிஸ்க் தனி, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தனி. உப்பு எதைத் தின்றதோ அதை மட்டும் மாற்றினோம். இன்றைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மூலையில் களிம்பு பிடித்தால் போர்டையே மாற்ற வேண்டும். அதற்கும் மதுரைக்குத்தான் அனுப்பி வைக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் புதுசுக்குத்தான் என் ஓட்டு, யோசிக்கவே வேண்டாம். 2012-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது டெஸ்க்டாப் வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பென்டியம் 4-இன் பிந்தைய மாடல்களில் பிராசசர் மட்டுமே 84 வாட்டிலிருந்து 115 வாட் வரை வெப்பம் விடும் வகை. மானிட்டர் ஒரு 70, 80 வாட் கேட்கும். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி வைத்த சின்ன யுபிஎஸ், சேவ் பண்ணி நிறுத்துவதற்கான நேரத்தைத்தான் தரும். அந்த பேட்டரியும் இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். இப்போதைய சாதாரண லேப்டாப் பிராசசர்கள் 15 வாட் வகை. கரண்ட் போனால் அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கவனித்தால்தான் கரண்ட் போனதே தெரியும்.

இனி ஓஎஸ். நம் கரையில் வீட்டுக்குள் கணினி வந்த காரணத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. சென்னையில் பிள்ளைகள் படிப்புக்கென்று வாங்கினார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் அதோடு இன்னொரு காரணமும் பெரிதாக நின்றது: துபாயிலும் சவுதியிலும் இருக்கும் ஆண்களோடு பேசுவது. ஐஎஸ்டி கட்டணம் கையைக் கடித்த காலம் அது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது, வேகம் 256 கேபிபிஎஸ். சில திட்டங்களில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை கணக்கில்லாமல் பயன்படுத்தலாம். விண்டோஸ் எக்ஸ்பி, ஒரு வெப்கேமரா, தலையில் மாட்டும் மைக், யாஹூ மெசஞ்சர் அல்லது ஸ்கைப். அப்பாவின் முகத்தைக் கட்டம் கட்டமாகத் திரையில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று அதே வளைகுடாவில் வேலை செய்கிறார்கள். யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில் மூடியது, ஸ்கைப் 2025 மே மாதம் மூடியது. அந்த வேலையைப் போன் எடுத்துக்கொண்டது. கணினி வீட்டில் வேறு வேலைகளுக்கு மிஞ்சியது: பிள்ளையின் புராஜெக்ட், கணக்கு வழக்கு, அரசு விண்ணப்பங்கள், வருடக்கணக்கில் சேர்ந்த கல்யாணப் படங்கள்.

எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தபோது 64 எம்பி ரேம் இருந்தால் ஏறிவிடும் என்றார்கள். 2009-இல் வந்த விண்டோஸ் 7 குறைந்தது 1 ஜிபி கேட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. எக்ஸ்பியைவிட 64 மடங்கு. அது எழுத்தில் உள்ள கணக்கு, நிஜத்தில் 8 ஜிபி இல்லாமல் நிம்மதியாக ஓடாது. கடிதம் அடிப்பதும் படம் பார்ப்பதும் அதே வேலைதானே, எதற்கு இவ்வளவு?

கொஞ்சம் வீண்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி வீணல்ல. எக்ஸ்பி காலத்தில் பென்டிரைவைச் சொருகினாலே வைரஸ் தானாக ஓட ஆரம்பிக்கும். ஸ்டூடியோவில் படம் வாங்கப் போன பென்டிரைவ், தெருவிலுள்ள அத்தனை கணினிக்கும் நோயைப் பரப்பிவிட்டு வரும். அந்தத் தானியங்கி வசதியைப் பழைய விண்டோஸ்களில் நிறுத்தும் திருத்தம் 2011-இல்தான் எல்லாருக்கும் பரவலாகப் போனது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்க கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, ஆதரவை நிறுத்தி மூன்று வருடமான எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் விட வேண்டியதாயிற்று. புதிய ஓஎஸ் பல நிரல்களைத் தனித்தனி அறையில் அடைத்து வைக்கிறது, கோப்பைக் கண்காணிக்கிறது, வட்டைப் பூட்டி வைக்கிறது. அதற்கெல்லாம் நினைவகமும் வேகமும் செலவாகும்.

தமிழுக்கும் புதுசு நல்லது செய்திருக்கிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் விண்டோஸ் 2000-இல் வந்துவிட்டது. ஆனாலும் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய, மொழி அமைப்புக்குள் போய் டிக் செய்து, சிடியையும் போட வேண்டியிருந்தது. டிடிபி கடைகள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. ஒரு கடையில் அடித்த பத்திரிகை அடுத்த கடையில் திறந்தால் கிறுக்கலாக வரும். இன்று பெட்டியைத் திறந்த நிமிஷமே தமிழ் தெரிகிறது, தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறது. பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள், அந்த எழுத்துரு ஏறிய பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பதே மறந்துபோனால் மாற்றுவது பெரும்பாடு.

எனக்குக் கோபம் வருவது விண்டோஸ் 11 போட்ட எல்லைக்கோட்டைப் பார்த்துத்தான். பூட்டுச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும் என்கிறது. எட்டாம் தலைமுறை வெளிவந்தது 2017 ஆகஸ்ட் மாதம். அதே வருடம் ஏழாம் தலைமுறைக் கணினியைக் காசு சேர்த்து வாங்கிய குடும்பத்துக்கு, வேகம் போதுமானதாக இருந்தும் கதவு அடைப்பு. சுற்றுவழிகள் உண்டு, கடைகளில் போட்டும் தருகிறார்கள். ஆனால் அப்படிப் போட்டதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தருவதில்லை. கோர் 2 டுவோ மாதிரி இன்னும் பழைய பிராசசர்களில் 2024-க்குப் பிந்தைய விண்டோஸ் 11 துவங்கவே துவங்காது, அதற்குத் தேவையான கட்டளைகளே அந்தச் சிப்பில் இல்லை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இடைக்கால வழி ஒன்று உண்டு. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைக்கச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். பேங்க் வேலை பார்க்கும் கணினியென்றால் இதைச் செய்யாமல் இருக்காதீர்கள்.

மூன்றாவது வயது இணையத்துடையது, அதைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. எக்ஸ்பி பெட்டி இன்றும் ஓடும். ஆனால் குரோம் 2016-இல் அதைக் கைவிட்டது, பயர்பாக்ஸ் 2018-இல். விண்டோஸ் 7-ஐ குரோம் 2023-இல் கைவிட்டது. பிரௌசர் பழசாகிவிட்டால் வங்கித் தளமும் அரசுத் தளமும் கதவைத் திறக்காது, ஏனென்றால் இணையத்தில் தகவலைக் காக்கும் பழைய பூட்டு முறைகளை 2020 வாக்கில் பெரிய பிரௌசர்கள் எல்லாம் தள்ளிவிட்டன, தளங்களும் அவற்றை விட்டுவிட்டன. நெட் வரவில்லை என்று கேபிள்காரரிடம் சண்டை போடுபவர்களில் சிலருக்கு, நெட் வந்துகொண்டுதான் இருக்கும். கணினிதான் அந்தக் கால மொழியில் பேசிக்கொண்டிருக்கும்.

பிறகு அந்தப் பழைய பெட்டியை என்ன செய்வது? 2008-க்குப் பிறகு வாங்கியதென்றால் முதலில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு சுற்றும் வட்டு இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி மாட்டிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் ஊசி நகர்ந்து ஒரு தகவலை எடுக்க 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் அதில் நூறில் ஒரு பங்கு. விண்டோஸ் 10 ஆமை வேகத்தில் ஊர்ந்ததற்குப் பல வீடுகளில் பிராசசர் காரணமே இல்லை, ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த அந்த வட்டுதான். வட்டை மதர்போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்பு 2003-இல் வந்தது, அதனால் இந்த வயதுப் பெட்டிகளில் எஸ்எஸ்டி அப்படியே பொருந்தும். ஓட்டைப் படகுக்குப் புது இன்ஜின் வைப்பது போல ஆகிவிடக் கூடாது என்பதால், அதற்கு முன் போர்டில் களிம்பு இருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அதில் போட வேண்டியது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் ஓஎஸ். லினக்ஸ் மின்ட் குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கும், 4 ஜிபி இருந்தால் நன்றாக ஓடும். பிரௌசர் புதுசாகவே இருக்கும், தமிழ்99 உண்டு. நம் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதுசும் அல்ல. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் பெரும்பாலான வீடுகளில் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் படம் ஏற்றிக்கொண்டார்கள். அலமாரியில் கிடக்கும் அந்த லேப்டாப்களில் பலவற்றை ஒரு எஸ்எஸ்டி போட்டு இன்றும் எழுப்பிவிடலாம்.

ஆனால் எல்லாருக்கும் லினக்ஸ் சொல்ல மாட்டேன். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கு ஆகாது. ஆதார் கைரேகைக் கருவி வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு அதன் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கே வருகிறது. பிரிண்டரையும் முதலில் சோதிக்க வேண்டும். நம்மூரில் எங்கும் காணப்படும் கேனன் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓடவைப்பது தலைவலி. பழைய வகையான 32 பிட் பிராசசர் மட்டும் உள்ள பெட்டிக்கு லினக்ஸ் கதவும் மூடிக்கொண்டு வருகிறது. உபுண்டு 2017-இலேயே நிறுத்திவிட்டது, டெபியன் 2025-இல் அதற்கான நிறுவியைக் கைவிட்டது. அந்தப் பெட்டிக்கு விடைகொடுத்துவிடலாம்.

புதுசு வாங்குவதென்றே முடிவாகிவிட்டால், கனம் குறைவா, திரை பளபளவென்று இருக்கிறதா என்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: ரேமைக் கழற்ற முடியுமா, எஸ்எஸ்டியைக் கழற்ற முடியுமா. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. இன்று 8 ஜிபியோடு வாங்கிவிட்டு விலை இறங்கியதும் ஏற்றிக்கொள்ள இடம் இருப்பது முக்கியம். மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள், விசிறி அடியிலிருந்துதான் காற்றை இழுக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதுவரை சொன்னதில் இதுதான் எனக்குப் பெரிய கவலை. பழைய கணினியில் போர்டு போனாலும் தகவல் போகாது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் அப்பாவின் படமும் அக்காவின் கல்யாணமும் அப்படியே இருக்கும். விண்டோஸ் 11 அப்படியல்ல. 2024-இல் வந்த பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டுவிடும், அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். அதன் சாவி போர்டில் இருக்கும் டிபிஎம்மில் உட்கார்ந்திருக்கும். திருடன் கையில் லேப்டாப் போனால் அது பெரிய காப்பு. ஆனால் நம் கரையில் திருடனைவிட உப்புதான் முதலில் வருகிறது. போர்டு செத்துவிட்டால் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டும்போது 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. சாவி மைக்ரோசாப்ட் கணக்கில் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கணக்கு யாருடையது? பல வீடுகளில் லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்துக்கு ஒரு மெயில் ஐடி போட்டு ஆரம்பித்துக் கொடுத்திருப்பான். கடவுச்சொல் அவனுக்கும் நினைவிருக்காது.

லேப்டாப் நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டிய வேலை இது. செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினி எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறது என்று பார்த்து, அது உங்கள் கைக்கு வராத கணக்கென்றால் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். அப்புறம் மீட்புச் சாவியை எடுத்து, 48 எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பட்டாவும் படகுப் பதிவுச் சான்றும் வைத்திருக்கும் உறையில் போட்டுவிடுங்கள். படங்களை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மாட்டிப் பாருங்கள்.